மாமா கயிறு இழுத்த கதை

போன ஆவணியில் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு இந்தப் பக்கம் மாமா, அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டு வகையில் ஒரு பெரியவர். சாம்பார் முடிந்து ரசத்துக்குக் காத்திருந்த நேரத்தில் அவர் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அண்ணாச்சிய எங்கயோ பாத்த மாதிரி இருக்கே" என்றார். மாமா வாயைத் திறப்பதற்குள் எதிர் வரிசையில் இருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் முந்திக்கொண்டார். "தெரியலயா? கயித்த இழுத்த சாரதி. இவருதான்." பெரியவர் சிரித்தார். சுற்றி இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டார். அன்றைக்குப் பால் பாயசம். பாயசத்துக்காகவே கல்யாணத்துக்கு வருகிற மனிதர் அவர்.

அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. மற்றவர்கள் சிரித்ததைப் பற்றிச் சொல்லவில்லை. முப்பத்து நாலு வருஷமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் ஏன் சிரித்தேன்? அம்மாவின் தம்பி அவர். என்னைத் தோளில் உட்காரவைத்துப் பந்தயம் பார்க்கப் பழக்கியவர். அவருடைய ஒரு தோல்வியை எல்லோருக்கும் முன்னால் ஒருவன் எடுத்துப் போட்டபோது நானும் பல்லைக் காட்டியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், உண்மையில் என்ன நடந்தது என்று அவரிடம் நான் ஒருநாளும் கேட்டதுகூட இல்லை.

தெக்கத்தி ஆட்களுக்கு மாட்டுவண்டிப் பந்தயத்தை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு மட்டும் ஒன்று. இது கொங்குப் பக்கத்து ரேக்ளா மாதிரி 200 மீட்டர், 300 மீட்டரில் நேரம் பார்த்து முடிகிற சமாச்சாரம் இல்லை. இங்கே தார் ரோட்டில் மைல் கணக்கில் போய்த் திரும்ப வேண்டும். நாடு கிலோமீட்டருக்கு மாறி எத்தனையோ காலம் ஆகியும் பந்தய நோட்டீஸில் இன்னும் 'போக வர எட்டு மைல்' என்றுதான் அடிக்கிறார்கள். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள். எல்லையில் கொடி இருக்கும். அதை முதலில் வாங்கித் திரும்புகிற சாரதிக்குத் தனிப் பரிசு. நோட்டீஸிலும் மைக்கிலும் முதலில் வருவது மாட்டுக்காரர் பெயரும் அவருடைய ஊரும்தான். சாரதி பெயர் வந்தாலும் வரும், வராமலும் போகும். வண்டி தோற்றால் மட்டும் தவறாமல் வரும்.

மாமாவுக்கு அப்படித்தான் வந்தது. 1991 வைகாசி, கயத்தாறுக்குக் கிழக்கே ஒரு ஊரில் கோயில் கொடைத் திருவிழா. பெரிய மாட்டுக்குப் போக வர பத்து மைல். கொடியை வாங்கினது மாமா. திரும்பி வரும்போது இரண்டாவது வண்டிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பஸ் போகலாம் என்று சொல்வார்கள். ஊர் எல்லைக்குள் வந்து, முடிவுக் கோட்டுக்கு ஒரு கல்லெறி தூரத்தில், வண்டி திடீரென்று இடது பக்கமாக ஒதுங்கி ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி நின்றது. மாமா கயிற்றை நெஞ்சோடு சேர்த்து இழுத்துப் பிடித்திருந்ததை ஊரே பார்த்தது. பின்னால் வந்த வண்டி கடந்து போனது, அப்புறம் இன்னொன்று. அன்று சாயங்காலமே கதை முடிவாகிவிட்டது: காசு வாங்கிக்கொண்டு கயிற்றை இழுத்துவிட்டான். மாட்டுக்காரர் கோயில் வாசலில் வைத்து அவரைப் பேசிய பேச்சு எனக்குப் பத்து வயதிலும் நன்றாகவே புரிந்தது. அதற்கப்புறம் இரண்டு சின்னப் பந்தயங்கள் ஓட்டினார். பிறகு அவரைக் கூப்பிட ஆளில்லை. அப்போது வயது முப்பத்தெட்டு.

பதினைந்து வயதில் தொடங்கியவர். முதலில் சாரதியாக இல்லை. கூட ஓடுகிற ஆளாக. வண்டியில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் கயிற்றைப் பிடிப்பார். இன்னொருவர் மாடு தளர்கிற இடத்தில் குதித்து, பக்கத்திலேயே அதட்டிக்கொண்டு ஓடி, வேகம் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். சித்திரை வெயிலில், வெறுங்காலில், தாரில். ஏழு வருஷம் அப்படிக் குதித்து ஏறியதில் வலது முட்டி போனது. அதன் பிறகுதான் கயிறு கைக்கு வந்தது. இப்போதும் அவர் காப்பி குடிக்கும்போது பார்க்க வேண்டும். இடது கையின் கடைசி இரண்டு விரல்களும் நிமிராது. டம்ளரை மூன்று விரலால் பிடித்திருப்பார், மற்ற இரண்டும் எதையோ இறுக்கிக்கொண்டு உள்ளே மடங்கியிருக்கும். உள்ளங்கையின் குறுக்கே கயிறு அறுத்த தழும்பு ஒன்று ரேகைகளை வெட்டிக்கொண்டு போகிறது. கைரேகை பார்க்கிறவன் ஒருவன் கழுகுமலையில் அந்தக் கையைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான் என்று அத்தை சொல்லிச் சிரிப்பாள்.

சொந்தமாக ஒரு பந்தய மாடு அவரிடம் இருந்ததில்லை. எல்லாம் அடுத்தவர் மாடு. மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் உளுந்தும் நாட்டுக்கோழி முட்டையும் பேரீச்சம்பழமும். சாரதிக்குப் பந்தயத்துக்கு முந்தின நாலைந்து நாளும் ராத்திரிச் சோறு கிடையாது, கனம் கூடிவிடும் என்று நீத்தண்ணியோடு சரி.

ஊசிக்கோபுரம்

கல்யாணம் முடிந்த வாரத்தில், தூக்கம் வராமல், குதிரைப் பந்தயக் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்து எங்கே போனேன் என்று தெரியவில்லை. இந்த ஃபோன் அப்படித்தான். குதிரைகள் தடைகளைத் தாண்டி ஓடுகிற பந்தயத்துக்கு ஸ்டீபிள்சேஸ் என்று பெயர். அந்தச் சொல்லை முன்பு படித்திருந்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில்லை. ஸ்டீபிள் என்றால் சர்ச்சின் கூர்த்த கோபுரம். பாளையங்கோட்டைக்காரனுக்கு இதைவிட லேசான விளக்கம் கிடையாது. எங்கள் பேருந்து நிறுத்தத்துக்கே ஊசிக்கோபுரம் என்றுதான் பெயர். 1752-ல் அயர்லாந்தில் இரண்டு பேர் பந்தயம் கட்டி, பட்டவன்ட் என்ற ஊரின் சர்ச் கோபுரத்திலிருந்து டொனரேல் சர்ச் கோபுரம் வரை, குறுக்கே வந்த வேலி, ஓடை, கல்சுவர் எல்லாவற்றையும் தாண்டிக் குதிரை விட்டார்களாம். கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும், அதைப் பார்த்துப் போக வேண்டியதுதான். பாதை என்று ஒன்று இல்லை.

அது வளர்ந்து லிவர்பூல் பக்கத்தில் எயின்ட்ரி மைதானத்தில் கிராண்ட் நேஷனல் ஆனது. 1839-லிருந்து நடக்கிறது. நாலு மைலுக்கு மேல் தூரம், முப்பது தாண்டல். அவர்களும் மைல்தான், பாருங்கள். முதல் வருஷமே பெக்கர் என்ற கேப்டன் ஓர் ஓடையில் விழ, அந்தத் தாண்டலுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. விழுந்ததற்காக ஊர் பெயர் வைப்பது நம்மூர் வழக்கம் மட்டும் இல்லை போலிருக்கிறது.

இதில் குதிரை ஓட்டுகிற ஜாக்கிகள், தாண்டல் இல்லாத தட்டைப் பந்தய ஜாக்கிகளைவிடக் கொஞ்சம் கனமானவர்கள். இருந்தும் சாப்பாட்டை எண்ணி எண்ணித்தான் தின்ன வேண்டும். டோனி மெக்காய் என்று ஒருவர், வட அயர்லாந்துக்காரர், நல்ல உயரம். எடை குறைக்கக் கொதிக்கிற வெந்நீரில் உட்கார்ந்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். தொடர்ந்து இருபது வருஷம் பிரிட்டனின் முதல் இட ஜாக்கி. தாண்டல் பந்தயத்தில் மட்டும் 4,348 வெற்றிகள். 2008-ல் முதுகெலும்பு முறிந்து இரண்டு மாதத்தில் மறுபடி குதிரை ஏறியவர். அப்படிப்பட்ட ஆளுக்கே கிராண்ட் நேஷனல் பதினைந்தாவது முயற்சியில், 2010-ல்தான் கிடைத்தது. 2015-ல் விலகினார். இந்தக் கதையெல்லாம் படித்தபோது 'மாட்டுக்குப் பேரீச்சை, எனக்கு நீத்தண்ணி' என்று மாமா சொல்வதுதான் காதில் கேட்டது.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது மெக்காய் இல்லை. டிக் ஃபிரான்சிஸ்.

1953-54 பருவத்தில் முதல் இட ஜாக்கி. 350க்கும் மேல் வெற்றி. காறை எலும்பு எத்தனை முறை உடைந்தது என்று அவருக்கே கணக்கு மறந்திருக்கும். 1956 மார்ச் 24, எயின்ட்ரி. அவர் ஏறியிருந்த குதிரை டெவன் லாக், அப்போதைய ராணியின் அம்மாவுக்குச் சொந்தமானது. ராணியும் அம்மாவும் மேடையில் இருக்கிறார்கள். முப்பது தாண்டலும் முடிந்தது. பின்னால் வரும் குதிரை நல்ல தூரத்தில். முடிவுக் கம்பத்துக்கு ஏறத்தாழ ஐம்பது கஜம். எதிரே வெறும் புல். அந்த இடத்தில் குதிரை, இல்லாத வேலி ஒன்றைத் தாண்டுகிற மாதிரி முன்காலைத் தூக்கியது. நாலு காலும் நாலு பக்கம் போக, வயிறு தரையில் பட அப்படியே படிந்துவிட்டது. ஃபிரான்சிஸ் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். ஈஎஸ்பி என்ற குதிரை கடந்து போகிறது. டெவன் லாக் தானாக எழுந்து நிற்கிறது, நொண்டல்கூட இல்லை.

கால் பிடித்துக்கொண்டது, பக்கத்துத் தண்ணீர்த் தாண்டலின் நிழலைப் பார்த்து ஏமாந்தது, சேணப்பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டார்கள் என்று எழுபது வருஷமாக ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அடுத்த வருஷமே இன்னொரு விழுதலுக்குப் பிறகு அவர் பந்தயத்தை விட்டார், வயது முப்பத்தாறு. அப்புறம் பத்திரிகையில் எழுதினார், துப்பறியும் நாவல்கள் எழுதி உலகம் முழுக்க விற்றார். 2010-ல் எண்பத்தொன்பது வயதில் இறக்கிற வரைக்கும் அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: அன்றைக்கு என்ன ஆச்சு?

எனக்கு உடனே மாமாவிடம் இதைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. எதற்கு என்று கேட்டால் அப்போது பதில் இல்லை. மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் ஃபோனை நீட்டினான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்த வை

புரட்டாசி முதல் சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து அத்தை உள்ளே படுத்திருந்தாள். தார்சாவில் மாமா சுவரில் சாய்ந்து, முட்டியை நீட்டி உட்கார்ந்திருந்தார். அத்தை எழுந்துவிடக் கூடாதே என்று ஒலியை அடக்கிவிட்டுக் காணொளியைப் போட்டேன். கறுப்பு வெள்ளை, பழைய செய்திப் படம். ஃபோனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கிப் பார்த்தார். குதிரை விழுந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"சத்தத்த வை" என்றார்.

"அத்த தூங்குதாங்க மாமா."

"வைல."

வைத்தேன். இந்த முறை அவர் திரையைப் பார்க்கவே இல்லை. ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டார். "இங்கிலீஷ்காரன் பேசுதான்லா, அத விடு. அவனுக்குப் பின்னால ஒண்ணு கேக்கு பாரு." பின்னால் கேட்டது கூட்டம். ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒரே நேரத்தில். ராணி வீட்டுக் குதிரை ஜெயிக்கப்போகிறது என்று தெரிந்து எழுந்த கூச்சல், விழும்வரைக்கும் ஏறிக்கொண்டே போகிறது. மூன்று முறை கேட்டார். அப்புறம் ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு, "கால்ல ஒண்ணுமில்ல. மெரண்டுட்டு" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் ஃபிரான்சிஸும் கடைசியில் வந்து சேர்ந்த முடிவு அதுதான். அந்த மாதிரி ஒரு சத்தத்தைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை, குதிரை காதை விடைத்துக்கொண்டது, அந்தச் சத்தம்தான் அதைக் குலைத்தது என்று அவர் பின்னாளில் சொன்னார். மாமாவிடம் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

அப்புறம் மாமா பேசினார். கேட்காமலே பேசினார். "அஞ்சு மைலு வாரோம். முன்னால ஒரு ஜீப்பு, அதுவும் ரொம்பத் தள்ளி. நமக்குக் கேக்குதது சக்கரம், கொளம்பு, மாட்டு மூச்சு, அவ்வளவுதான். இடத்த மாட்டு மூச்சு வேற, வலத்த மாட்டு மூச்சு வேற. அது கேட்டுக்கிட்டே இருக்கும், கேக்காதப்பதான் பயம். அப்படி வந்துட்டு இருக்கும்போது, ஊருக்குள்ள நொழையுதோம், வேட்டு. மேளம். விசில். நம்ம வண்டி மொதல்ல வருதுன்னு நம்ம ஆளுக போட்ட வேட்டுதான். இடத்த மாடு காத விடச்சிட்டு. அதுக்கு மேல விட்டா கூட்டத்துக்குள்ள எறங்கிரும். அதான் இழுத்தேன்."

கொஞ்சம் நேரம் முட்டியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, ஏதோ தெருவில் போன ஆளைப் பற்றிச் சொல்கிற மாதிரி, "நீங்கள்லாம் பாலத்துக் கட்டைல நின்னு டின்னு அடிச்சியல்லா" என்றார்.

அடித்தோம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதினைந்து லிட்டர் எண்ணெய் டின். இரண்டு வேப்பங்குச்சி. ஆறு பையன்கள், அதில் டின் என் கையில். மாமா வண்டியின் சிவப்பு நுகத்தடி வளைவில் தெரிந்ததும் ஆரம்பித்தவன், வண்டி எங்களுக்கு நேரே வந்து மண்ணில் இறங்குகிறவரை நிறுத்தவில்லை. கூட்டம் எந்தப் பக்கம் நின்றது, பாலம் எந்தப் பக்கம் இருந்தது, மாடு எந்தப் பக்கம் பார்த்து மிரண்டு எந்தப் பக்கம் ஒதுங்கியது என்று அன்று ராத்திரி படுக்கையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு எனக்குச் சாதகமாக வரவில்லை. வேட்டுதான் என்று மாமா சொல்கிறார். நான் எடுத்துக்கொள்கிறேன்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா மாமா? காசு வாங்குனான்னு பேரெடுக்காம இருந்திருக்கலாமே."

"சொன்னா மாடு மெரளுத மாடு ஆயிரும்" என்றார். "மெரளுத மாட்ட எவன் பந்தயத்துக்கு வச்சிருப்பான்? செவ்வாக்கெழம மேலப்பாளையம் சந்தைக்கு ஏத்திருவான். அங்கேருந்து எங்க போகும்னு உனக்குத் தெரியாதா? ஆறு பல்லு மாடு மாப்ள அது. கன்னுலேருந்து நான் பழக்குனது. சாரதி சரியில்லன்னா மாட்டுக்காரன் சாரதிய மாத்துவான். அம்புட்டுதான்."

மாத்தினார். அந்த மாடு வேறொரு சாரதியிடம் இன்னும் மூன்று வருஷம் ஓடியது. கொடிப் பரிசெல்லாம் வாங்கியது. எங்கள் ஊர் டீக்கடையில் அதன் படம் கொஞ்ச காலம் மாட்டியிருந்தது; பக்கத்தில் நிற்கிறவர் மாமா இல்லை.

இதைக் கேட்டு நான் உருகிப்போய்விட்டேன் என்று எழுதினால் பாதிப் பொய். நான் பந்தயத்துக்கு ரசிகனும் இல்லை. மாமா காலத்தில் தார்க்கம்பின் நுனியில் ஆணி இருந்தது. அவர் கையிலும் இருந்தது. மாட்டின் புட்டத்தில் ரத்தப் புள்ளிகள் காய்ந்திருப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கன்றிலிருந்து பழக்கிய பாசமும் அந்த ஆணியும் ஒரே கையில் எப்படி இருந்தன என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் காளைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னபோது நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டவன். ஊரில் அதை வெளியே சொல்லவில்லை, அது வேறு. 2017-ல் சட்டத் திருத்தம் வந்ததும், 2023 மே மாதம் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பு வந்ததும் ஊரில் வேட்டுப் போட்டார்கள். மாமா தடை வந்தபோது வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை, போனபோது மகிழ்ந்ததாகவும் தெரியவில்லை. வேட்டுச் சத்தம் கேட்டதும் எழுந்து தொழுவத்துப் பக்கம் போனார். இப்போது யோசிக்கும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது. தொழுவத்தில் அப்போது ஒரு கறவை மாடு மட்டும் நின்றது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பேச்சில் அத்தை எழுந்து வந்து நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். "எய்யா, இவுக சொல்லுதத அப்படியே நம்பிராத" என்றாள். "எனக்குக் கல்யாணமான புதுசுல வேற சொன்னாக. மாட்டுக்கு மூச்சு வாங்கிட்டு, செத்துரும்னு இழுத்தேன்னாக." மாமா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "மூச்சும்தான் வாங்குச்சு" என்றார். அவ்வளவுதான். ஃபிரான்சிஸும் முதலில் ஒரு காரணமும் பிறகு ஒரு காரணமும் சொன்னவரா என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்து, அதை அங்கேயே விட்டுவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு நொடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவனுக்கு அந்த நொடி ஒரே மாதிரியா இருக்கும்?

அத்தை காப்பி போட உள்ளே போனாள். மாமா மூன்று விரலால் ஃபோனை மறுபடி எடுத்தார். திரையில் டெவன் லாக் படிந்து கிடந்த இடத்தில் படம் நின்றிருந்தது.

"இந்தக் குதிரைய என்ன பண்ணுனாவ?"

"அடுத்த சீசனும் ஓடுச்சு மாமா. அப்புறம் கால்ல நரம்பு இழுத்துக்கிட்டு. ஓய்வு குடுத்துட்டாங்க."

"வித்தாவளா?"

"விக்கல. ராணி வீட்டுக் குதிரைல்லா. வச்சுப் பாத்துக்கிட்டாங்க."

"ம்" என்றார். சுவரில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு ஃபோனை என்னிடம் நீட்டினார்.

"இன்னொரு வாட்டி போடு. சத்தம் வேண்டாம்."